விரலுக்குத் தகுந்த வீக்கம்

சான்டா இஃபிஜீனியா தெருவில்
ஒன்பதாவது கடையிலும் அதே கேள்வி:
"பையனுக்கா?"
முதல் கடையிலேயே ஆமென்று சொல்லித் தொலைத்தேன்.
இப்போது இல்லாத பையனுக்கு வயது பதினான்கு,
கணக்கில் கொஞ்சம் மந்தம்,
பெயர் ஒட்டாவியோ.
பையன் என்றால் ஐந்தோ பத்தோ தள்ளுகிறார்கள்.
நாற்பத்து மூன்று வயது நகப்பூச்சுக்காரி
நடு இரவில் துப்பாக்கி தூக்கி ஓடுவதற்கென்றால்
யார் தள்ளுவார்?

கைப்பையில் இரண்டாயிரத்து அறுநூறு ரெயால்.
அசிட்டோன் வாசம் ஏறிய நோட்டுகள்.
இரண்டு கைக்கு நகம் தீட்ட முப்பது வாங்குகிறேன்;
எந்தப் பாகத்துக்கும் அதுவே என் அளவுகோல்.
ராம்: எட்டு ஜோடிக் கை.
பவர் சப்ளை: பதினொன்று.
பிராசஸரும் மதர்போர்டும் சேர்ந்து
மே மாதத்துக் கல்யாணப் பெண்கள் அத்தனை பேரையும்
விழுங்கிவிட்டன.

வானவில்லாய் எரியும் விசிறிகளைக் காட்டினான் ஒருவன்.
தொண்ணூறு கூடுதல்.
"வேகம் கூடுமா?"
"அழகு கூடும்."
தம்பி, நாள் முழுக்க மினுக்குப் பூசுகிறவள் நான்.
ஒரு சிமிழ் மினுக்கின் அடக்கவிலை
எனக்குத் தெரியாதா?
கறுப்புத் தகரப் பெட்டி போதும் என்றேன்.

பவர் சப்ளையில் மட்டும் கை சுருங்கவில்லை.
நாலாம் மாடிக்காரர் வெந்நீர் ஷவரைத் திருகினால்
என் சமையலறை விளக்கு கண்ணடிக்கும்.
அப்படிப்பட்ட வீட்டுக்கு
மலிவு விலையில் இதயம் வாங்கக் கூடாது.

கடைசியில் கிராபிக்ஸ் கார்டு.
புதிதென்றால் ஆசைப்படவே விலை கேட்கும்;
ஆகவே மாடிக்கடை கெர்சனிடம், பழையது.
"ஒரு மாணவன் வைத்திருந்தான்,
ஞாயிறு மட்டும் விளையாடுவான்" என்றான்.
எண்ணூற்று ஐம்பது.
என் துண்டுச்சீட்டில் நூற்றைம்பது உதைத்தது.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
திருகாணி மேல் ஒட்டியிருந்த முத்திரைத் தாள்
ஒரு மயிரிழை விலகியிருந்தது.
எடுத்து மறுபடி ஒட்டியது.
இருபது வருடம் ஒட்டுநகம் பார்த்த கண்ணுக்கு
அது போதும்.
ஒன்றும் சொல்லவில்லை,
சுண்டுவிரல் நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டினேன்.

"சரி, கொஞ்ச நாள் பிட்காயினோ என்னவோ தோண்டியது."
"எத்தனை நாள்?"
"பதினெட்டு மாதம்."
கோயானியாவில் ஒரு கொட்டகையில்,
கூடவே இன்னும் நாற்பது கார்டுகள்,
இரவு பகல் நிறுத்தாமல்,
யாரோ ஒருவருடைய காசுக்காக.

விலையைக் குறைக்கத்தான் கேட்டேன்.
கேட்டபின் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.
எழுநூறுக்குத் தந்தான்.
"ஒட்டாவியோவுக்கு என் வாழ்த்து" என்றான்.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பாகங்கள்.
பிராசஸர் நெற்றியில் பசை, பட்டாணி அளவு;
அதில் என் கையை யாரும் மிஞ்ச முடியாது.
கார்டைத் திறந்து காய்ந்த பசையைச் சுரண்டி
புதிதாய்ப் பூசினேன்.
பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுழன்றது. திரை இருட்டு.
வயிற்றில் எண்பத்தாறு ஜோடிக் கைகள் பிசைந்தன.
ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது,
ராம் பாதிதான் உட்கார்ந்திருந்தது.
நகம் உடைந்துவிடுமோ என்று பயந்து
நான்தான் மெதுவாக அழுத்தியிருக்கிறேன்.
அழுத்தினேன். க்ளிக்.
நகம் உடைந்தது.
வெளிச்சம் வந்தது.

இரவு பதினொன்று.
என் அணியில் நாலு பேர்,
குரலை வைத்துப் பார்த்தால் மீசை முளைக்காதவர்கள்.
பாலத்தடியில் பதுங்கியிருந்தவனை
ஒரே குண்டில் நான் சாய்த்தபோது
"தம்பி, பின்னிட்டடா!" என்று கத்தினான் ஒருவன்.

மறுத்துச் சொல்ல மைக் இல்லை.
மைக்குக்குக் காசு மிஞ்சவில்லை.
அடுத்த மாதம் ஒரு கல்யாணம் இருக்கிறது,
மணப்பெண்ணோடு ஐந்து தோழிகள்.
வாங்கலாம்.
வாங்காமலும் இருக்கலாம்.